ரோந்து வண்டியில் எந்தத் துப்பாக்கி?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க அரங்கின் பின்புறம் பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்த நேரத்தில், எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓர் அம்மாள் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். முப்பது ஆண்டுப் பழக்கம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகள் இம்மாநிலக் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். மும்பையில் பிறந்து, மாதுங்காவில் படித்து, மராத்தியில் தேர்வெழுதித் தேறிய பெண். அவள் காக்கிச் சட்டை போட்ட அன்று நம் சங்கத்தார் பலரும் பெருமைப்பட்டோம்.

"அண்ணா, அவளை ராத்திரி ரோந்துக்குப் போட்டிருக்கிறார்கள். வண்டியில் வைத்துக்கொள்ளப் புதிதாக ஏதோ கார்பைன் வாங்கப் போகிறார்களாம். முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவளும் அதில் ஒருத்தி. நீங்கள் துப்பாக்கி ஆபீசில் இருந்தவராயிற்றே. அது நல்ல துப்பாக்கிதானா? அவளைக் காப்பாற்றுமா?"

பந்தியில் உட்கார்ந்து பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. "எழுதித் தருகிறேன் அம்மா" என்றேன். அவருக்காக எழுதத் தொடங்கியதுதான் இக்கட்டுரை. நம் குடும்பங்களில் காவல் துறையிலும் துணை ராணுவப் படைகளிலும் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஆசிரியர் இதழிலேயே இடம் கொடுத்திருக்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போலீஸ்காரன் அல்லன். சிறு ஆயுதங்களின் தரத்தை ஆய்வு செய்யும் பணியில் கான்பூரில் சேர்ந்து, புணேயை அடுத்த கட்கியில் ஓய்வு பெற்றவன். பிறர் சுடுவார்கள், எத்தனை பட்டது, எத்தனை தவறியது, எத்தனை முறை துப்பாக்கி மக்கர் செய்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது என் வேலை. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

நாம் மறக்க முடியாத ஓர் இரவு

இந்தக் கேள்வி ஏன் நமக்கு முக்கியம் என்பதை மும்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008 நவம்பர் 26 இரவு, சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் வெளியூர் வண்டிகளுக்காகக் காத்திருந்த கூட்டத்தின் மீது இரண்டு பேர் ஏ.கே.47 துப்பாக்கிகளால் சுட்டார்கள். நாம் ஊருக்குப் போகும் சென்னை மெயிலுக்காக எத்தனையோ இரவுகள் பெட்டியும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்த அதே நிலையம். அங்கு மட்டும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் முழுவதுமாக உயிரிழந்தவர்கள் 166 பேர்.

நிலையத்தில் பணியிலிருந்த காவலர்களில் சிலரிடம் பழைய .303 ரைபிள், பலரிடம் லத்தி. அன்றிரவே கிர்காவ் சௌபாட்டி தடுப்பில், துக்காராம் ஓம்பளே என்ற துணை உதவி ஆய்வாளர் கஸாபின் துப்பாக்கிக் குழலை வெறும் கையால் பிடித்துக்கொண்டு உயிர் விட்டார். அசோக சக்கரம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவருடைய வீரத்தை வணங்குகிறோம். ஆனால் காவலரின் கையில் தக்க கருவி இல்லாத குறையை அவருடைய நெஞ்சால் ஈடு செய்யும் நிலை மறுபடியும் வரக்கூடாது அல்லவா? அப்படியானால் தக்க கருவி எது? அங்கேதான் கார்பைன் வருகிறது.

கார்பைன் என்றால் என்ன?

ரைபிளைவிடக் குட்டையான, தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்குக் கார்பைன் என்று பெயர். குதிரைப் படையினர் சேணத்தில் தொங்கவிட வசதியாகக் குழலைக் குறைத்ததில் தொடங்கிய வழக்கம் அது. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ரைபிள் தோட்டாவையே சுடுவது. மற்றொன்று பிஸ்டல் தோட்டாவைச் சுடுவது. நம் பெண்ணுக்குக் கொடுத்தது இரண்டாவது சாதி.

அந்தப் பிஸ்டல் தோட்டா பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாதான். ஜெர்மனியில் கியார்க் லூகர் 1902-இல் வடிவமைத்தது. இன்றுவரை உலகத்துப் போலீசாரில் பெரும்பாலோர் இடுப்பில் இருப்பதும் இதுவே. நம் நாட்டில் இஷாப்பூரில் தயாரான 13 தோட்டா பிடிக்கும் பிஸ்டலும் இதையே சுடுகிறது. ஒரே தோட்டா இரண்டுக்கும் பொருந்துவதால் கிடங்கில் ஒரு வகை வாங்கி வைத்தால் போதும். சில நாடுகளில் பிஸ்டலின் மேகஸினையே கார்பைனிலும் செருகும்படி செய்கிறார்கள். நெருக்கடியில் அது பெரிய வசதி.

நமக்குப் பழக்கமான கார்பைன் ஒன்று உண்டு. வங்கி வாசலிலும், அமைச்சரின் பின்னாலும், குழலைச் சுற்றித் துளைகளும் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகஸினுமாக ஒரு கறுப்புத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங். 1953-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1960-களிலிருந்து கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் நாமே செய்தோம். எடை 2.7 கிலோ. கட்டையை மடக்கினால் 48 செ.மீ., விரித்தால் 69 செ.மீ. 34 தோட்டா பிடிக்கும். நானே எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. உறுதியான துப்பாக்கி. ஆனால் போர்க்களத்துக்காகப் பிறந்தது, தெருவுக்காக அல்ல. அதை எதனால் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

பிஸ்டல் ஏன் போதாது?

பிஸ்டல் சினிமாவில் நன்றாக வேலை செய்கிறது. நிஜத்தில், நெஞ்சு படபடக்கும்போது, இருபத்தைந்து மீட்டரில் ஒரு மனித உருவைப் பிஸ்டலால் அடிப்பது நல்ல பயிற்சி உள்ளவருக்கே கடினம். காரணம் எளிது.

பிஸ்டலைக் கைகள் மட்டுமே தாங்குகின்றன. கார்பைனுக்கு இரண்டு கை, தோள், கன்னம் என்று நாலு இடத்தில் ஊன்றுகோல். அடுத்தது குறிமுனைக் கணக்கு. பிஸ்டலில் முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடையே சுமார் 16 செ.மீ. தூரம். கை நடுங்கி முன்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 15 செ.மீ.க்கு மேல் விலகிப் போகும். கார்பைனில் அந்த இடைத்தூரம் 40 செ.மீ. இருந்தால், அதே நடுக்கத்துக்கு விலகல் 6 செ.மீ.தான். ஒன்பதாம் வகுப்பு வடிவொத்த முக்கோணக் கணக்கு இது, வேறு மாயமில்லை. இப்போது வரும் செம்புள்ளிக் கண்ணாடிகளைப் பொருத்தினால் இந்த விலகலும் பெருமளவு மறைகிறது.

உதைப்பும் குறைவு. அதே சிறிய தோட்டா, இரண்டரை மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியில் வெடிக்கும்போது தோளில் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். .303 உதைத்துத் தோள் கன்றிய பழைய காவலர்கள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிவார்கள். உருவத்தில் சிறியவர்களும் பெண்களும் பயமின்றிச் சுடப் பழகுகிறார்கள். பயமில்லாதவர் விசையை வெடுக்கென்று இழுப்பதில்லை. இழுக்காதபோது குண்டு குறியில் படுகிறது.

எவ்வளவு தூரம்?

குண்டின் பலத்தை ஜூல் என்ற அலகால் அளப்பது வழக்கம். பிஸ்டலிலிருந்து புறப்படும் 9 மி.மீ. குண்டு வினாடிக்கு சுமார் 350 மீட்டர் வேகம், சுமார் 500 ஜூல். 40 செ.மீ. குழல் உள்ள கார்பைனில் அதே தோட்டா 390 மீட்டர் வேகம் வரை போகிறது. சுமார் 600 ஜூல். ஏ.கே.47-இல் சுமார் 2000. நம் பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளில் சுமார் 3300. ஆக, பிஸ்டலிலிருந்து கார்பைனுக்கு மாறினால் பலம் ஏதோ கொஞ்சம்தான் கூடுகிறது. ரைபிளுக்குக் கிட்டத்தில்கூட வருவதில்லை. கார்பைனில் நமக்குக் கிடைக்கும் இலாபம் பலத்தில் அல்ல, குறியில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

50 மீட்டருக்குக் குறிமுனையைச் சரி செய்து வைத்தால், 100 மீட்டரில் 9 மி.மீ. குண்டு ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து படும். பழகியவர் சமாளித்துக்கொள்வார். 200 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தாழ்ந்துவிடும். அங்கே குறி வைப்பது ஜோசியம். எனவே 50 மீட்டர் வரை நம்பகம், 100 மீட்டர் வரை திறமையைப் பொறுத்தது, அதற்கப்பால் வேண்டாம். ரயில் நடைமேடை, மருத்துவமனைத் தாழ்வாரம், கடைத்தெரு, அடுக்குமாடிப் படிக்கட்டு ஆகியவற்றில் ரோந்துக் காவலர் எதிர்ப்படும் தூரம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

எங்கே தோற்கும்?

நல்லதை மட்டும் சொன்னால் விளம்பரமாகிவிடும். தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்.

1997 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் இருவர் ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார்கள். உடம்பெல்லாம் குண்டு துளைக்காத கவசம், கையில் தானியங்கி ரைபிள்கள். சுற்றி வளைத்த ரோந்துக் காவலர்களிடம் இருந்தவை 9 மி.மீ. பிஸ்டல்களும் ஷாட்கன்களும். குண்டுகள் கவசத்தில் பட்டும் பயனில்லை. 44 நிமிடம் நடந்த சண்டையில் கொள்ளையர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். காவலர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைபிள்களை இரவல் வாங்கும் நிலை வந்தது. காவலர்களும் பொதுமக்களும் பலர் காயமுற்றனர். இறந்தவர்கள் கொள்ளையர் இருவர் மட்டுமே என்பது அதிர்ஷ்டம். அதன் பின்னர்தான் அந்நகர ரோந்து வண்டிகளுக்கு ரைபிள்கள் வந்தன.

அந்த இடத்தில் பிஸ்டலுக்குப் பதில் 9 மி.மீ. கார்பைன் இருந்திருந்தால்? கவசத்தைத் துளைத்திருக்காது. கெவ்லார் போன்ற இழையால் நெய்த நல்ல சட்டை, கார்பைனிலிருந்து வரும் 9 மி.மீ. குண்டையும் தடுக்கும். கவசமில்லாத தலை, கால் ஆகியவற்றைக் குறி பார்த்து அடிக்கும் வாய்ப்பு வேண்டுமானால் கூடியிருக்கும்.

ஜெர்மனியில் ரோந்துக் கார்களில் எம்.பி.5 என்ற 9 மி.மீ. துப்பாக்கியை வைப்பது பல காலப் பழக்கம். 2015 நவம்பரில் பாரிஸ் நகரில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அங்கும் சில மாநிலங்கள் ரைபிளையும் கூடவே சேர்த்தன. நம் நாட்டில் புணே ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்தில் இரு வழியிலும் முயற்சி நடந்திருக்கிறது. ஜே.வி.பி.சி. என்ற கார்பைனுக்கென்றே 5.56 மி.மீ. குட்டைத் தோட்டா ஒன்றைச் செய்தார்கள்; வேகம் கூடுதல், ஆனால் பிஸ்டலோடு பகிர்ந்துகொள்ள முடியாது. 2021-இல் அறிமுகமான அஸ்மி, பழைய 9 மி.மீ. தோட்டாவையே சுடுவது. 2024-இல் ராணுவத்தின் வடக்குப் பிராந்தியத்துக்காக 550 அஸ்மி வாங்க ஆணை போயிற்று.

குண்டு எங்கே போய் நிற்கும்?

என் பணிக் காலத்தில் மூத்த அதிகாரி ஒருவர், புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்பார். குறியில் பட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தவறிய குண்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதுவும் எங்கோ ஒரு வீட்டு விலாசத்துக்குத்தான் போகிறது.

ராணுவ வீரனுக்கு எதிரே இருப்பது எதிரி மட்டும். காவலருக்கு எதிரே ஒரு குற்றவாளி, அவனுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. 9 மி.மீ. குண்டுகூடத் தடையில்லாமல் போனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். எஸ்.எல்.ஆர். குண்டு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். செங்கல் சுவர் 9 மி.மீ. குண்டைப் பொதுவாக நிறுத்திவிடும். தகரமும் ஒட்டுப்பலகையும் நிறுத்தா. தாராவியிலும் இன்னும் எத்தனையோ குடிசைப் பகுதிகளிலும் நம் மக்கள் தூங்குவது எந்தச் சுவருக்குப் பின்னால் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று. மெல்லிய உட்சுவர்களில் 9 மி.மீ. குண்டு உடையாமல் முழுசாகத் துளைத்துப் போகிறது. அதிவேகமான, எடை குறைந்த சில 5.56 மி.மீ. ரைபிள் குண்டுகளோ சுவரில் பட்டதும் தடுமாறிச் சிதறிவிடுகின்றன. எனவே "பிஸ்டல் தோட்டாதானே, ஊருக்குள் ஆபத்தில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தவறு. எந்தக் குண்டு, எந்தச் சுவர் என்று சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படபடவென்று சுடும் வசதி ரோந்துக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான். ஸ்டெர்லிங் நிமிடத்துக்கு 550 குண்டு வீதம் சுடும். விசையை அழுத்திப் பிடித்தால் 34 தோட்டாவும் நாலு வினாடிக்குள் காலி. முதல் இரண்டு குறியில் பட்டால், மீதி 32 எங்கே? 1985 டிசம்பரில் ரோம், வியன்னா விமான நிலையங்கள் தாக்கப்பட்ட பிறகு, 1986-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையக் காவலர்களுக்கு எம்.பி.5 கொடுத்தபோது, விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் புறப்படும்படிதான் கொடுத்தார்கள். யோசித்துச் செய்த காரியம்.

ஸ்டெர்லிங் தெருவுக்கானதல்ல என்று முன்னர் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் விசையை அழுத்தும்வரை கனமான போல்ட் பின்னால் நிற்கும். அழுத்தியதும் அது முன்னோக்கிப் பாய்ந்து, தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுடும். குண்டு புறப்படுவதற்கு முன்பே துப்பாக்கி ஒரு குலுங்கு குலுங்கிவிடுவதால் முதல் குண்டு விலக வாய்ப்புண்டு. எம்.பி.5 போன்றவற்றில் போல்ட் ஏற்கெனவே மூடியிருக்கும். விசை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் மட்டுமே அசையும். கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு குண்டை ஒரே இடத்தில் செலுத்த வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

எப்படிச் சோதிக்க வேண்டும்?

ஆயுதம் வாங்குவதற்கு முன் தரத்தேவையும் சோதனை முறையும் வகுப்பது அரசு வழக்கம். சேறு, மணல், மழை, வெப்பம், கீழே போடுதல் என்று பலவும் அதில் உண்டு. அவையெல்லாம் அவசியம். ஆனால் அவை துப்பாக்கியைத்தான் சோதிக்கின்றன. துப்பாக்கியும் அதைப் பிடிப்பவரும் சேர்ந்த ஜோடியைச் சோதிப்பதில்லை. நம் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்புகள் இவை:

1. பத்துப் பேரில் துப்பாக்கிச் சுடுவதில் பரிசு வாங்கியவர்கள் இருவர் போதும். மற்றவர்கள் சாதாரணமானவர்களாக இருக்கட்டும். உயரமானவர், குள்ளமானவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர், கண்ணாடி போட்டவர் எல்லோரும் வேண்டும்.

2. ஒவ்வொருவரும் பிஸ்டல், கார்பைன், ரைபிள் மூன்றையும் அதே 10, 25, 50, 100 மீட்டரில் சுடட்டும். பட்டதைப் போலவே தவறியதையும் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

3. நின்ற இடத்தில் நிதானமாகச் சுட்டால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கி. நூறு மீட்டர் ஓடிவந்து, மூச்சு வாங்க, உடனே சுடுங்கள். இருட்டில், கையிலோ துப்பாக்கியிலோ டார்ச் வைத்துச் சுடுங்கள். மழைக்கோட்டோடும் கவசச் சட்டையோடும் சுடுங்கள். கவசம் போட்டதும் தோள்கட்டை நீளமாகிவிட்டதுபோல் தோன்றும். கட்டையைக் குறைக்க முடிகிறதா பாருங்கள்.

4. ஜீப்பிலிருந்து இறங்கிப் பாருங்கள். கதவில், கியர் கம்பில், வார்ப்பட்டையில் மாட்டுகிறதா? பூட்டி வைத்த இடத்திலிருந்து எடுக்க எத்தனை வினாடி?

5. கூட்டத்தில் ஒருவன் பிடுங்க வந்தால் என்ன ஆகும்? வார்ப்பட்டையோடு தோளில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் ஒருவனைப் பிடித்து விலங்கு மாட்ட முடிகிறதா? ரோந்துக் காவலர் சுடுவது அபூர்வம். ஆளைப் பிடிப்பது அன்றாடம்.

6. கீழே தவறினால் தானே வெடிக்கக்கூடாது. திறந்த போல்ட் துப்பாக்கிகளில், தோட்டா நிறைந்த மேகஸினோடு கட்டை தரையில் மோதினால் போல்ட் பின்னுக்குப் போய்த் திரும்பி வந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. புதியதிலும் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

7. நிறுவனத்தார் கொண்டுவந்த பளபளப்பான தோட்டா வேண்டாம். உங்கள் கிடங்கில் இருக்கும் தோட்டாவைப் போடுங்கள். பெயர் 9 மி.மீ. என்று ஒன்றாக இருந்தாலும் மருந்து அளவு வேறுபடும். மருந்து குறைந்தால் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளும்.

8. மும்பை போன்ற கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் முழுதும் வண்டியிலேயே வைத்திருந்து, பிறகு சுட்டுப் பாருங்கள். உப்புக்காற்று எந்த விற்பனைப் பேச்சுக்கும் மசியாது.

பயிற்சி இல்லாத துப்பாக்கி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரின் ஆயுதக் கிடங்கைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். கார்பைன்கள் எண்ணெய் பூசி வரிசையாக நின்றன. பார்க்க அழகு. மேகஸின்களை எடுத்துப் பார்த்தால் பலவற்றில் வாய் நசுங்கியிருந்தது, ஸ்பிரிங் சோர்ந்திருந்தது. வருஷக்கணக்காகத் தோட்டா நிறைத்து வைத்து, எடுத்துச் சுடாமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

மாலையில் சிலரைச் சுடச் சொன்னோம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கான்ஸ்டபிள் கார்பைனை வாங்கியதும் கை நடுங்கியது. மூன்றாவது தோட்டாவில் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல், குழல் எங்களைப் பார்க்கும்படி திரும்பி நின்று, "சாப், இது வேலை செய்யவில்லை" என்றார். எல்லோரும் தரையில் படுத்துவிட்டோம். பிறகு சிரித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கேட்டதற்கு, தன் மூத்த மகள் பிறந்த வருஷத்தைச் சொன்னார். அந்த மகளுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கியின் விலையைக் கேட்கும் அதிகாரிகள், அதைப் பழகத் தேவையான தோட்டாவின் விலையை அதே தாளில் எழுதுவதில்லை. நூறு துப்பாக்கி வாங்கும் பணத்தில் அறுபது வாங்கி, மீதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக் களத்துக்கும் மேகஸின் மாற்றுவதற்கும் ஒதுக்கினால் ஊருக்குப் பாதுகாப்பு கூடும் என்பது என் கருத்து. பிஸ்டல் தோட்டாக் கார்பைனுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: 9 மி.மீ. தோட்டா பொதுவாக ரைபிள் தோட்டாவைவிட மலிவு. அதற்கு வேண்டிய சுடுகளமும் சிறியதாக இருந்தால் போதும். மாதம் ஒரு முறை சுட வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

சுடக்கூடாத நேரம் எது என்று பழக்குவதும் பயிற்சியில் பாதி. 1990-இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் காவல் துறையினரின் துப்பாக்கிப் பிரயோகத்துக்கு அடிப்படை நெறிகள் வகுத்தார்கள். உடனடியாக உயிர் போகும் ஆபத்தைத் தடுக்க, வேறு வழி போதாதபோது மட்டுமே துப்பாக்கி என்பது அதன் சாரம். கையில் நல்ல கருவி இருக்கிறது என்ற தைரியம் அவசரத்தைக் குறைக்க வேண்டும்; கூட்டக்கூடாது.

என் முடிவு

அம்மாள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல துப்பாக்கிதானா?

ரோந்து வண்டிக்கு நல்லதுதான், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, தனித்தனிக் குண்டாகச் சுடுவதாகவும், போல்ட் மூடிய நிலையில் சுடுவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு, பிஸ்டலுக்குப் பதிலாக அல்ல, பிஸ்டலோடு கூட இருக்க வேண்டும்; இடுப்பில் இருப்பது எப்போதும் கூடவே வரும், வண்டியில் இருப்பதை நினைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று, கவசம் அணிந்தவனையும் தூரத்தில் நிற்பவனையும் எதிர்கொள்ள, பயிற்சி பெற்ற ரைபிள் குழு ஒன்று சில நிமிடங்களில் வந்து சேரும் ஏற்பாடு இருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத் தாக்குப் பிடிப்பதற்குத்தான் கார்பைன். எல்லா வண்டியிலும் ரைபிள் வைப்பதைவிட, எல்லார் கையிலும் குறி தவறாத ஒன்று இருப்பது நெரிசலான நம் நகரங்களுக்குப் பொருத்தம்.

அவளைக் காப்பாற்றுமா? துப்பாக்கி யாரையும் காப்பாற்றுவதில்லை. பழகிய கையும், பதறாத மனமும், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் கண்ணும்தான் காப்பாற்றும்.

இதை எழுதி முடித்த வாரம் அந்தப் பெண்ணே விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள். குறிப்புத் தாளை மேலதிகாரியிடம் காட்டினாளாம். கீழே போடும் சோதனையையும் ஓடிவந்து சுடும் சோதனையையும் சேர்த்துக்கொண்டார்களாம். "மாமா, 50 மீட்டரில் பத்துக்கு ஒன்பது பட்டது" என்றாள் சிரித்துக்கொண்டே.

"அந்தப் பத்தாவது?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "மண் மேட்டில் போய்ப் புதைந்தது மாமா. நானே போய்ப் பார்த்தேன்."

அம்மாளிடம் சொன்னேன்: "கவலைப்படாதீர்கள் அம்மா. தவறிய குண்டைத் தேடிப் போகிற பிள்ளை, தானும் பத்திரமாக இருப்பாள். ஊரையும் பத்திரமாக வைத்திருப்பாள்."